ரீட்மீயில் அந்த ஒரு வரி: தங்கச்சிமடத்திலிருந்து தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் எழுதி, அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கும் தமிழ் நண்பர்களே, இந்த மடல் உங்களுக்குத்தான். உங்களில் பலரை எனக்குக் கமிட் (நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவது) வரலாற்றில் வரும் பெயராக மட்டும் தெரியும். என்னை உங்களுக்குத் தெரிய வழியில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் செல்போனும், படகுகளில் வைக்கிற ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ கருவிகளும் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, சென்னைக்கு வேலைக்குப் போய், இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவன். அப்பா, சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் படகில் ஏறினால் வாந்திதான், அதனால் கடை.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. யாரும் காசு தராமல், பகல் வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து நீங்கள் எழுதியதை வைத்துத்தான் என் கடையில் பாதி வேலை நடக்கிறது. அந்த நன்றியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நிரலோடு நீங்கள் வைக்கும் விளக்கக் குறிப்பைப் பற்றிய என் புகாரைக் கேளுங்கள்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் புதுப்பாலத்தைத் திறந்தார்கள். அதற்கு அடுத்த வாரம், 15-ஆம் தேதி, வழக்கம்போல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் படகைக் கரையில் ஏற்றி மராமத்து பார்ப்பார்கள், வலை கட்டுவார்கள், ஜிபிஎஸ்ஸைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். உப்புக்காற்றில் திரை செத்துப்போன கருவிக்குள் இருநூறு முந்நூறு பாயிண்ட் கிடக்கும். எங்கே மீன் படும், எங்கே கல்லில் வலை கிழியும், எங்கே பழைய கப்பல் முங்கிக் கிடக்கிறது என்று வருடக்கணக்கில் சேர்த்தது. அதைப் புதுக்கருவிக்கு மாற்றித்தர வேண்டும். கருவியை நம்பாதவர்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். என் சித்தப்பா அந்த ரகம்.

சித்தப்பா நோட்டைக் கணினிக்கு ஏற்றுவதற்கு உங்களில் ஒருவர் எழுதிய சின்ன நிரல் கிடைத்தது. பெயர் சொல்லப்போவதில்லை, சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். எண்களைத் தட்டினால் ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாக்கித் தரும், இரண்டு பாயிண்டுக்கு இடையில் எத்தனை கடல் மைல் என்றும் சொல்லும். அழகான வேலை. ரீட்மீயில், அதாவது நிரலோடு வரும் விளக்கக் கோப்பில், ஒரே ஒரு உதாரணம் இருந்தது. 9 பாகை 17.250 நிமிடம் என்றால் 9.17250 என்று ஒட்டி எழுதுங்கள் என்று போட்டிருந்தது. சரி என்று அப்படியே நாற்பது பாயிண்டைத் தட்டி, வரைபடத்தில் விரித்துப் பெருமையாகக் காட்டினேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "என்னடா இது, வடகடல்ல கிடக்குறதக் கொண்டுபோயி தென்கடல்ல போட்டிருக்க?" என்றார்.

வெளியூர் நண்பர்களுக்காக: ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே, கிழக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கம் எங்களுக்கு வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். இரண்டும் ஒன்றல்ல. வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். வடகடலில் சேறு, தென்கடலில் பாரும் கல்லும். ஒரு பாயிண்ட் இந்தக் கடலில் இருந்து அந்தக் கடலுக்குத் தாவினால் அது சின்ன எழுத்துப்பிழை கிடையாது.

நடந்தது இதுதான். 9 பாகை 17.250 நிமிடம், 79 பாகை 22.000 நிமிடம் என்பது ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டர் போல் வடகடலுக்குள் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால், தசமத்தில் எழுதினால் அது 9.2875, 79.3667. ரீட்மீ சொன்னபடி நான் கொடுத்த 9.17250, 79.22000-ஐ நிரல் தசமப் பாகை என்றே எடுத்துக்கொண்டது. விளைவு, பாயிண்ட் சுமார் 11 கடல் மைல் தென்மேற்கே நகர்ந்து, குருசடைத் தீவுக்குத் தெற்கே போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பது பாயிண்டும் இப்படித்தான் ஆளுக்கொரு தூரம் தென்மேற்கே நகர்ந்திருந்தன.

ஏன் இப்படி என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைத் தோண்டினேன். ரீட்மீ எழுதிய காலத்தில் நிரல் பாகையும் நிமிடமுமாகத்தான் வாங்கியிருக்கிறது. எட்டு மாதம் கழித்து ஒரு கமிட்டில் எல்லாம் தசமப் பாகைக்கு மாறிவிட்டது. நியாயமான மாற்றம், ஜிபிஎக்ஸ் கோப்பே தசமப் பாகையில்தான் இருக்கும். உள்ளே வாங்குவதும் வெளியே தருவதும் இரண்டும் மாறின. கமிட் செய்தியில் ஒரே சொல்: "ஃபிக்ஸ்". ரீட்மீயை யாரும் தொடவில்லை.

தென்மேற்கே போனதால் நானும் சித்தப்பாவும் சிரித்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி படுத்தபடியே எதிர்த்திசைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. நிரல் 9.28750, 79.36670 என்று திரையில் காட்டுகிறது, ரீட்மீயை நம்புகிற ஒருவர் அதைப் பாகையும் நிமிடமும் ஒட்டிய எண் என்று நினைத்து 9 பாகை 28.750 நிமிடம், 79 பாகை 36.670 நிமிடம் என்று கருவியில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வடகிழக்கே 18 கடல் மைலுக்கு மேல் தள்ளும். கச்சத்தீவையும் தாண்டி நெடுந்தீவுப் பக்கம். 1974-லும் 1976-லும் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டு வகுத்த கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போனால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்துப் பேப்பரைப் படிக்கிற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கடலில், இருட்டில், டிரைவர் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பின்னால் ஒரு ரீட்மீ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நல்லவேளை, அந்தக் கோப்பு என் கடையைத் தாண்டிப் போகவில்லை.

குறிப்பே இல்லாமல் இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டு, ஒரு பாயிண்டைப் போட்டுச் சோதித்திருப்பேன். பழைய குறிப்பு இருந்ததால்தான் நம்பினேன். இந்த மடல் முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்: நிரலை மாற்றும் அதே கமிட்டில் குறிப்பையும் மாற்றுங்கள். தனியாக, பிறகு, நேரம் கிடைக்கும்போது என்றால் அது நடக்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

(டாக்குமென்டேஷனுக்கு "ஆவணம்" என்று எழுதுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆவணம் என்றால் பத்திர ஆபீஸும் முத்திரைத்தாளும்தான் ஞாபகம் வரும். யாரும் ஆசையாக எழுதவோ படிக்கவோ மாட்டார்கள். நான் குறிப்பு என்றே சொல்லிக்கொள்கிறேன்.)

சித்தப்பா நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு தாண்டாத மனிதர். அவர் நோட்டில் அந்தப் பாயிண்டுக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறார்: "9 17 250, 79 22 000. சேறு. 6 பாகம். வாடையில வேண்டாம்." பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஆறடி. இந்த ஒரு வரியில் எண் இருக்கிறது, தரை எப்படி என்று இருக்கிறது, ஆழம் எந்த அளவில் என்று இருக்கிறது, எப்போது போகக்கூடாது என்றும் இருக்கிறது. கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். இது எப்போது வேலை செய்யாது என்பதை அவரே எழுதிவிட்டார்.

உங்கள் உலகத்திலும் இந்தப் பழக்கம் இருந்ததுதான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், பெயர் என்ன, எப்படிக் கூப்பிடுவது, என்ன செய்யும், அப்புறம் கீழே "பக்ஸ்" என்று ஒரு தலைப்பு. இதில் இன்ன கோளாறு இருக்கிறது, இன்ன இடத்தில் தப்பாகப் போகும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டு எழுதுகிற இடம் அது. இன்றைக்கும் லினக்ஸில் மேன் பக்கம் என்கிற கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால் பலவற்றில் அந்தத் தலைப்பு அப்படியே இருக்கும். தன் நிரலின் குறையைத் தானே எழுதி வைப்பதில் அவர்களுக்கு வெட்கமில்லை. நம்முடைய ரீட்மீகளைப் பார்த்தால் மேலே நான்கு வண்ணப் பட்டைகள், ஒரு லோகோ, "வேகமான, எளிமையான, நவீன" என்று மூன்று பெயரடை. வாடையில வேண்டாம் என்று ஒரு வரி மட்டும் எங்கும் இல்லை.

நிரலை எழுதியவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னபோது வந்த பதில், "நிரலே குறிப்புதான் ப்ரோ, படிச்சுப் பாருங்க."

படித்தேன். அதையும் சொல்கிறேன். தூரம் கணக்கிடும் இடத்தில் தீர்க்கரேகை வித்தியாசத்தை 0.987-ஆல் பெருக்கியிருந்தது. ஒரு விளக்கமும் இல்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். அப்புறம் பொறி தட்டியது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக, தீர்க்கரேகைகளுக்கு இடையிலான தூரம் குறுகிக்கொண்டே வரும், அட்சரேகையின் கொசைன் அளவுக்கு. 0.987 என்பது 9.2 பாகையின் கொசைன். அதாவது பாம்பன். ஐயா, நீங்கள் நம்ம ஊர்க்காரர் என்பது உங்கள் பெயரிலிருந்து தெரியவில்லை, அந்த எண்ணிலிருந்துதான் தெரிந்தது! சந்தோஷம். ஆனால் இதே நிரலைச் சென்னை காசிமேட்டில் ஒருவர் எடுத்தால் அங்கே அது 0.974 ஆக இருக்க வேண்டும். குஜராத்தில் வேராவலில் எடுத்தால் 0.934. அங்கே கிழக்கு மேற்காகப் போகிறவருக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தூரம் தப்பும். நிரல் என்ன செய்கிறது என்று நிரலே சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். 0.987-ஆல் பெருக்குகிறது என்று தெளிவாகவே சொல்கிறது. ஏன் என்று அது சொல்லாது. "பாம்பன் பக்கத்துக்கு மட்டும்" என்று மூன்று சொல் அந்த வரிக்கு மேலே இருந்திருந்தால் என் அரைமணி நேரம் மிச்சம். கொசைனை அங்கேயே கணக்கிட்டிருந்தால் அந்த மூன்று சொல்லும் தேவைப்பட்டிருக்காது, அது வேறு.

நிரலே குறிப்பு என்கிறவர்களுக்குப் பெயர் வைப்பதிலாவது அக்கறை இருக்க வேண்டும். ஜிபிஎக்ஸில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும், வரிசை மாறினாலும் பிரச்சினை இல்லை. ஜியோஜேசன் என்ற இன்னொரு வரைபடக் கோப்பு வடிவத்தில் பெயர் கிடையாது, வெறும் இரண்டு எண்கள், அதுவும் தீர்க்கரேகைதான் முதலில். நம் வாய் வழக்கம் அட்சரேகையை முதலில் சொல்வது. இது தெரியாமல் ஒருமுறை ராமேஸ்வரத்தை மாற்றிப் போட்டுவிட்டேன், அது ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் போய் நின்றது. சித்தப்பாவிடம் அதைக் காட்டவில்லை. இதில் ஜியோஜேசன்காரர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, ஏனென்றால் 2016-இல் வந்த அவர்கள் விதிநூலில் வரிசை தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. எழுதியிருந்து நான் படிக்காமல் போனால் அது என் தப்பு. எழுதாமலே படிக்கச் சொன்னால்?

அப்புறம் டெலிகிராம் குழு. இதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். "சந்தேகம்னா குழுவுல கேளுங்க" என்று ரீட்மீயில் போட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகிவிடுகிறீர்கள். குழுவில் ஆயிரத்துக்கு மேல் செய்தி, காலை வணக்கம், யாருக்கோ பிறந்தநாள், நடுவில் எங்கேயோ யாரோ என் கேள்வியையே போன வருடம் கேட்டு, அதற்கு நீங்கள் அருமையாகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை எழுதப் பத்து நிமிடம் செலவழித்தவர், அதையே வெட்டி ரீட்மீயில் ஒட்ட இன்னொரு நிமிடம் செலவழித்திருக்கலாம். ஒரே கேள்வி இரண்டாவது தடவை வந்தால் அது கேட்டவரின் குறை இல்லை, குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

வீடியோவும் அப்படித்தான். இருபது நிமிட வீடியோவில் எனக்கு வேண்டிய ஒரு கட்டளை பதினேழாவது நிமிடத்தில் வருகிறது, அதையும் எழுத்துச் சின்னதாகத் தெரிகிற திரையில் பார்த்துத் தட்ட வேண்டும். தேட முடியாது, நகலெடுக்க முடியாது, நிரல் மாறினால் வீடியோவைத் திருத்தவும் முடியாது. எங்கள் பக்கம் டவர் கிடைப்பதும் ஒரு நாளைப் போல் ஒரு நாள் இருக்காது, மழை பெய்தால் இன்னும் மோசம். நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வெறும் உரைக்கோப்பாகக் குறிப்பு இருந்தால், ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். தனி இணையதளத்தில் குறிப்பு வைத்திருந்த ஒரு திட்டம் டொமைனைப் புதுப்பிக்க மறந்துபோனது, இப்போது அந்த முகவரியில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. குறிப்பு போயே போச்சு.

குறிப்பு எழுதுவது இரண்டாந்தர வேலை, நிரல் எழுதத் தெரியாதவர்கள் செய்வது என்று ஒரு எண்ணம் நம் பையன்களிடம் இருக்கிறது. பெரிய திட்டங்கள் அப்படி நினைப்பதில்லை. டெபியன் என்கிற லினக்ஸ் திட்டத்தில் ஒரு நிரலுக்கு மேன் பக்கம் இல்லை என்றால் அதையே பிழையாகப் பதிவு செய்யலாம், அவர்கள் கொள்கையில் எழுதியே இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் மேன் பக்கத்தில் தப்பு இருந்தால் நிரலில் தப்பு இருப்பதைப் போலத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1984-லேயே, நிரலைக் கணினிக்குச் சொல்வதாக எழுதாதீர்கள், மனிதருக்கு விளக்குவதாக எழுதுங்கள் என்று வாதாடி, அதற்கென்று ஒரு முறையையே உருவாக்கினார். அவருடைய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளே அப்படி எழுதப்பட்டதுதான். நம்மால் கனூத் ஆக முடியாது, விடுங்கள். ஆனால் பைதான் நிரல்மொழியில் டாக்டெஸ்ட் என்று ஒன்று 2001-லிருந்து இருக்கிறதே, அதையாவது பயன்படுத்தலாமே. குறிப்பில் எழுதியிருக்கும் உதாரணத்தை அது உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும், எழுதியிருக்கும் விடை வரவில்லை என்றால் சோதனை தோற்றுவிடும். ரஸ்ட் மொழியிலும் இந்த வசதி உண்டு. 9.17250 கொடுத்தால் 9.2875 வர வேண்டும் என்ற உதாரணத்தை டாக்டெஸ்டாக எழுதி வைத்திருந்தால், தசமப் பாகைக்கு மாற்றிய அந்த ராத்திரியே சோதனை சிவப்பு காட்டியிருக்கும். அந்தப் பழைய குறிப்பு பொய் சொல்லிக்கொண்டு கிடந்திருக்காது. இதற்குத் தனியாக ஆள் வேண்டாம், மூன்று வரி போதும்.

லைசென்ஸ் கோப்பு போடாமல் நிரலை மட்டும் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. உரிமம் என்று எதுவும் சொல்லாவிட்டால் பதிப்புரிமை முழுக்க உங்களிடமே இருக்கிறது, நான் தொட முடியாது. போட்டுவிடுங்கள்.

தமிழுக்கு வருகிறேன். தமிழ்ச் சொற்களைக் கையாளும் நிரல் எழுதுகிறவர்கள் குறிப்பில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டியிருக்கிறது. "பாம்பன்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதானைக் கேட்டால் 7 என்கிறது. நாம் எண்ணினால் பா, ம், ப, ன், நான்கு. காலும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள் என்பதால் அப்படி. இது உங்களுக்குத் தெரியும், உங்கள் நூலகத்தைப் புதிதாக எடுக்கிற கல்லூரி மாணவிக்குத் தெரியாது. உங்கள் "நீளம்" எந்த நீளம் என்று எழுதுங்கள். இன்னொன்று, நான் அடிபட்டது. ஊர்ப்பெயர்ப் பட்டியலில் தனுஷ்கோடி இரண்டு தடவை வந்தது, பார்த்தால் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. ஒன்றில் "கோ" என்பதன் ஓகாரக்குறி ஒரே குறியாக இருந்தது, இன்னொன்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு இரண்டையும் மாற்றியதும் சரியாகிவிட்டது. தேடலுக்கு நான் பயன்படுத்திய நூலகம் இந்த மாற்றத்தைத் தானே செய்யுமா, நான் செய்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

எந்த மொழியில் எழுதுவது என்ற சண்டை உங்களுக்குள் ஓய்வதில்லை. என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் விடுங்கள். நிரலாளருக்கான குறிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வேராவல்காரரும் வந்து திருத்த வேண்டும் இல்லையா. ஆனால் பயன்படுத்துகிறவருக்கு முதல் ஒரு பக்கம் தமிழில் இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலின் குறிப்புகளுக்குள் மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு தனிக் கோப்புறை இருக்கிறது, சீனம், ஜப்பான், கொரியா, இத்தாலி, ஸ்பானியம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அந்தத் தமிழ்ப் பக்கமும் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தால் புரிகிற தமிழாக இருக்கட்டும். போன வருடம் ஒரு கையேட்டில் "ஆள்கூற்று உள்ளீட்டுப் புலம்" என்று பார்த்தேன். சித்தப்பாவிடம் கேட்டேன், என்ன நோயா அது என்றார். "பாயிண்ட் தட்டும் இடம்" என்று எழுதியிருக்கலாம்.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். எழுதியதை எல்லாம் நீங்களே விளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அலகு என்ன, வரிசை என்ன, எப்போது தப்பாகப் போகும், இந்த எண் ஏன் வந்தது, இவ்வளவை எழுதியவர் மட்டும்தான் சொல்ல முடியும், அதை மட்டும் கொடுங்கள். மீதியை எங்களைப் போன்றவர்கள் எழுதுகிறோம். தடைக்காலத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு நேரம் உண்டு. ஆனால் நாங்கள் எழுதி அனுப்பினால் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், "டாக் சேஞ்ச்தானே, அப்புறம் பாக்கலாம்" என்று ஓரமாகப் போடக்கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ரீட்மீயைத் திருத்தி ஜூன் மாதம் ஒரு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினேன். பழைய உதாரணத்தை எடுத்துவிட்டு, "தசமப் பாகையில் மட்டும் கொடுக்கவும். நிமிடமாக இருந்தால் 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டவும்" என்று போட்டிருக்கிறேன். கீழே "தூரக் கணக்கு பாம்பன் பக்கத்துக்கு மட்டுமே சரி" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தக் களஞ்சியத்தில் பதினோரு கமிட் விழுந்திருக்கிறது, இரண்டு ஃபிக்ஸ், புதிதாக ஒரு இருட்டு நிறத் தோற்றம் கூட வந்துவிட்டது. என்னுடையது அப்படியே திறந்து கிடக்கிறது, ஒரு கேள்வி கூட யாரும் கேட்கவில்லை.

இப்போது வாடை தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15-க்கு மறுபடியும் நோட்டும் ஜிபிஎஸ்ஸுமாகக் கடைக்கு வந்துவிடுவார்கள். மற்ற கடைக்காரர்களும் இதே நிரலை இறக்கி வைத்திருக்கிறார்கள், நான்தான் அப்போது சொல்லிக் கொடுத்தேன். அதற்குள் என் திருத்தத்தை நிரலோடு மெர்ஜ் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து ஜிபிஎஸ் கடைக்காரன்